மாடர்ன் தியேட்டர்ஸ் படங்களைக் குறை சொல்லலாமா?

சேலத்துக்காரர்களுக்கு ஏற்காடு ரோட்டில் நிற்கும் அந்த வளைவைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. உள்ளே இருந்த ஸ்டுடியோ போய் வீடுகள் வந்துவிட்டன, மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற பெயரோடு வளைவு மட்டும் மிச்சம். ஞாயிற்றுக்கிழமை மலை ஏறப் போகிறவர்கள் வண்டியை ஓரங்கட்டி செல்ஃபி எடுத்துக்கொள்கிறார்கள். எடுக்கட்டும், சந்தோஷம்தான். அவர்களிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "இங்கே எடுத்த படத்தில் எதை முழுசாகப் பார்த்திருக்கிறீர்கள்?" பெரும்பாலும் பாட்டின் முதல் வரிதான் பதிலாக வரும். அதைத் தாண்டி ஒரு காட்சியைச் சொல்லச் சொன்னால் பேச்சு மாறிவிடும்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் பெருமைப் பட்டியல் நம் எல்லோருக்கும் மனப்பாடம். இங்கிலாந்தில் லீட்ஸ் போய் ஜவுளித் தொழில்நுட்பம் படித்துவந்த திருச்செங்கோட்டுக்காரர் டி.ஆர்.சுந்தரம் இங்கே ஸ்டுடியோ கட்டினார். 1937இல் முதல் படம் சதி அகல்யா. 1938இல் மலையாளத்தின் முதல் பேசும் படம் பாலன். 1940இல் பி.யு.சின்னப்பா இரட்டை வேடம் போட்ட உத்தம புத்திரன். 1956இல் முழுநீள வண்ணப்படமாக அலிபாபாவும் 40 திருடர்களும். 1961இல் மலையாளத்தின் முதல் வண்ணப்படம் கண்டம் பெச்ச கோட்டு. எல்லாம் உண்மை. எனக்கும் நெஞ்சு நிமிரும். ஆனால் 'முதல் படம்' என்பது ஒரு தகவல், அவ்வளவுதான். படம் நன்றாக இருக்கிறதா, எந்த இடத்தில் உயிரோடு இருக்கிறது, எந்த இடத்தில் படுத்துவிடுகிறது என்பதை அந்தப் பட்டியல் சொல்லாது. அதை உட்கார்ந்து பார்க்கிறவர்கள்தான் சொல்ல வேண்டும்.

நான் படம் பார்க்கும்போது ஒன்றை மட்டும் கவனிப்பேன். ஒவ்வொரு படமும் முதல் பதினைந்து இருபது நிமிடத்தில் நமக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறது. மாயாஜாலப் படம் கொடுக்கும் வாக்கு வேறு, துப்பறியும் படம் கொடுக்கும் வாக்கு வேறு, கிராமத்துக் குடும்பக் கதை கொடுப்பது வேறு. அந்த வாக்கை அந்தப் படம் காப்பாற்றியதா என்பதுதான் கேள்வி. அலிபாபாவில் எதார்த்தம் இல்லை என்று திட்டுவதும், உதிரிப்பூக்கள் மெதுவாகப் போகிறது என்று அலுத்துக்கொள்வதும் எனக்கு ஒரே மாதிரிதான் படுகிறது. கொடுக்காத வாக்கைக் கேட்டு யாரும் சண்டைக்குப் போகக்கூடாது. கொடுத்த வாக்கை மீறினால், அது எவ்வளவு பெரிய படமாக இருந்தாலும் கேட்டே ஆக வேண்டும்.

மந்திரி குமாரியை எடுத்துக்கொள்கிறேன். 1950. எல்லிஸ் ஆர். டங்கனும் டி.ஆர்.சுந்தரமும் இயக்கம், மு.கருணாநிதி வசனம், ஜி.ராமநாதன் இசை. அக்கா மகனோடு உட்கார்ந்து பார்த்தபோது அவன் கேட்டான்: "ஏன் மாமா, எல்லாரும் மேடையில நிக்கிற மாதிரியே நின்னு பேசுறாங்க?" நியாயமான கேள்வி. நடிகர்கள் நாடகக் கம்பெனியிலிருந்து வந்தவர்கள். வசனம் படப்பிடிப்பிலேயே பதிவான காலம் என்பதால் மைக்குக்கு எட்டும் தூரத்தில் நின்றாக வேண்டும். போதாக்குறைக்கு, ஆள் கூட்டம் வந்ததே அந்த வசனத்தைக் கேட்கத்தான். இதெல்லாம் காரணங்கள். ஆனாலும் அவன் சொன்னதில் ஒரு உண்மை இருக்கிறது. படத்தின் முதல் பாதியில் பல காட்சிகளில் இரண்டு பேர் எதிரெதிரே நிற்கிறார்கள், எதுகை மோனை பறக்கிறது, கண்ணுக்கு வேலையே இல்லை. எம்.ஜி.ஆரின் வீரமோகன் நல்லவன், வீரன். அதற்கு மேல் அவனிடம் ஒன்றும் இல்லை. படத்தைத் தோளில் தூக்கிப் போகிறவர் பார்த்திபனாக வரும் எஸ்.ஏ.நடராஜன். கொள்ளையடிப்பது ஒரு கலை என்று அப்பாவான ராஜகுருவிடமே அவன் வாதாடும் இடத்தில், வசனத்தின் அழகு வேறு, மனிதனின் அசிங்கம் வேறு என்று இரண்டும் ஒரே வாயிலிருந்து வருகின்றன. அந்த இடத்தில் அடுக்குமொழி வெறும் அலங்காரமாக நிற்கவில்லை, அவன் குணமாகவே ஆகிவிடுகிறது. நம்பியாரின் ராஜகுரு அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் முகமும் சாதாரண விஷயமில்லை.

அப்புறம் மலை உச்சி. வாராய் நீ வாராய். திருச்சி லோகநாதன், ஜிக்கி. அந்தக் காட்சியை ஏற்காட்டில்தான் எடுத்தார்கள் என்று எங்கள் பக்கம் பெரியவர்கள் சொல்லிக் கேட்டே வளர்ந்தோம். இன்றைக்கும் ரேடியோவில் அது காதல் பாட்டாகத்தான் போகிறது. மெட்டும் அப்படித்தான், இதமாகத் தாலாட்டுகிறது. படத்தில் அது பார்த்திபன், மந்திரி மகளான தன் மனைவி அமுதவல்லியைக் கொல்லக் கூட்டிப் போகும் வழி. போகும் இடம் தூரமில்லை என்று அவன் இனிக்க இனிக்கப் பாடுகிறான். அவளும் கூடவே பாடிக்கொண்டு ஏறுகிறாள். நாம் வார்த்தையைக் கேட்கிறோம், அவன் முகத்தைப் பார்க்கிறோம், வயிற்றைப் பிசைகிறது. உச்சிக்குப் போனதும் விஷயம் அவளுக்குத் தெரிகிறது. சாவதற்கு முன் கணவனை மூன்று முறை சுற்றிவர அனுமதி கேட்கிறாள். பின்னால் போகிறாள், தள்ளிவிடுகிறாள். எழுபது வருடத்துக்கு மேல் ஆகியும் இந்தக் காட்சிக்கு நரைக்கவே இல்லை. மாதுரி தேவி அந்த மூன்று சுற்றிலும் முகத்தை எப்படி வைத்திருக்கிறார் என்பதற்காக மட்டும் இன்னொரு முறை பாருங்கள்.

இத்தனை புகழ்ந்த பிறகு என் சண்டையைச் சொல்கிறேன். இந்தக் கதை குண்டலகேசியிலிருந்து வந்தது. காப்பியத்தில் கணவனைத் தள்ளிவிட்ட பெண் சாவதில்லை. பௌத்தத் துறவியாகிறாள், ஊர் ஊராகப் போய் வாதம் செய்கிறாள், ஜெயிக்கிறாள். படத்தில் என்ன ஆகிறது? அமுதவல்லி சபைக்கு வந்து உண்மையைச் சொல்கிறாள், ராஜகுரு அவளைக் கொன்றுவிடுகிறான். படத்தின் பெயரே அவள்தான். அவள் துணிச்சல்தான் கதையின் முதுகெலும்பு. அப்படிப்பட்டவளை உயிரோடு விட்டால் கணவனைக் கொன்ற பெண்ணை என்ன செய்வது என்று படத்துக்கே தெரியவில்லை. தியாகியாக்கி முடித்துக்கொண்டார்கள். மதத்தையும் அரண்மனையையும் அவ்வளவு துணிச்சலாகக் கேள்வி கேட்ட ஒரு படம், இந்த ஒரு இடத்தில் பயந்துவிட்டது. "அந்தக் காலத்துல அவ்வளவுதான் முடியும் தம்பி" என்று பெரியப்பா சொல்கிறார். எனக்கு ஒப்பவில்லை. அந்தக் காலத்துக்கும் பல நூற்றாண்டு முன்னால் இருந்த கவிஞருக்கு முடிந்திருக்கிறதே, பெரியப்பா?

அலிபாபாவில் இப்படிச் சண்டை போட எனக்கு ஒன்றுமில்லை. அது கொடுத்த வாக்கு ஒன்றே ஒன்று: அதுவரை கறுப்பு வெள்ளையிலேயே இருந்த கண்களுக்கு ஒரு திருவிழா. கேவாகலர் என்ற வண்ணப் பிலிமில் எடுத்த படம். நாம் இன்றைக்கு யூடியூபில் பார்க்கும் பிரதியில் சிவப்பு வெளிறி, முகங்கள் பழுத்துக் கிடக்கின்றன. அதை வைத்து அதன் நிறத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லக்கூடாது. நடிப்பைப் பற்றிச் சொல்லலாம். பானுமதி. மர்ஜியானாவாக அவர் வரும் காட்சிகளில் மற்றவர்கள் அடுத்த வசனத்துக்குக் காத்திருக்க, அவர் மட்டும் எதிராளி சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கிறார். அதனாலேயே எம்.ஜி.ஆர். பக்கத்தில் இருக்கும்போதும் கண் அந்தப் பக்கம்தான் போகிறது. பி.எஸ்.வீரப்பாவின் சிரிப்பைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். குகைக் கதவு திறக்கும் காட்சி இன்றைக்கும் சின்னப் பிள்ளைகளிடம் வேலை செய்கிறது, கூட வைத்துக்கொண்டு பாருங்கள்.

சுந்தரம் 1963இல் காலமான பிறகு அவர் மகன் காலத்தில் வந்த படங்களை நம் ஊர்க்காரர்களே இரண்டாம் வரிசையில் வைத்துவிட்டார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை. ஜெய்சங்கரை வைத்து எடுத்த துப்பறியும் படங்கள், 1970இல் வந்த சி.ஐ.டி. சங்கர் மாதிரி, வேகமாக எடுத்த வேகமான படங்கள். அந்தப் படத்துக்குப் பிறகு அதன் நாயகிக்கு சி.ஐ.டி. சகுந்தலா என்றே பெயர் நிலைத்தது. மகன் காலத்துப் படங்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது அதற்கும் முந்தைய வல்லவனுக்கு வல்லவன், 1965. இந்திப் படத்தைத் தழுவியதுதான். வேதாவின் இசையும் பெரும்பாலும் இந்தி மெட்டுதான், ஓராயிரம் பார்வையிலே உட்பட. சொந்தச் சரக்கு குறைவு என்பது உண்மையான குறை, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நடிகர் தேர்வைப் பாருங்கள். வில்லனாகவே பார்த்துப் பழகிய அசோகன் நாயகன். காதல் மன்னன் ஜெமினி கணேசன்தான் குற்றவாளி. (இன்னும் பார்க்காதவர்கள் மன்னிக்கவும், அறுபது வருடம் ஆகிவிட்டது.) கதையில் ஒரு வரி மாற்றாமல், யார் முகத்தை எங்கே வைப்பது என்பதை வைத்தே ரசிகனை ஏமாற்றியிருக்கிறார்கள். துப்பறியும் படம் கொடுக்கும் வாக்கு அதுதானே?

சேலத்தை விட்டு வெளியே வருகிறேன். உதிரிப்பூக்கள், 1979. மகேந்திரன், புதுமைப்பித்தனின் சிற்றன்னையிலிருந்து கிளம்பி எடுத்த படம். இதைக் குறை சொன்னால் நண்பர்கள் அடிக்க வருவார்கள். ஆனாலும் சொல்கிறேன். ஆற்றங்கரை முடிவுக்கு ஈடாகத் தமிழில் ஒன்றிரண்டுதான் இருக்கும். ஊரே சேர்ந்து ஒருத்தனைச் சாகச் சொல்கிறது. இத்தனை நாள் நான் ஒருத்தன்தான் கெட்டவன், இன்றைக்கு உங்களையும் என்னைப் போல ஆக்கிவிட்டேன் என்கிற மாதிரி சொல்லிவிட்டு அவன் தண்ணீரில் இறங்குகிறான். கரையில் அவன் குழந்தைகள். தண்டனையைப் பார்த்து நிம்மதிப்படவே விடாத முடிவு. விஜயனின் சுந்தரவடிவேலுவை அவ்வளவு நுணுக்கமாக எழுதியவர், அவன் மனைவி லட்சுமியை மட்டும் பொறுமையின் சிலையாகவே விட்டுவிட்டார். அவள் அழுவதைப் பார்க்கிறோம், நோயில் வாடுவதைப் பார்க்கிறோம். அவள் ஒருநாளாவது அவனை மனசுக்குள் திட்டினாளா? தெரியாது. 1950இன் அமுதவல்லிக்குக் கோபப்பட அனுமதி இருந்தது. இருபத்தொன்பது வருடம் கழித்து, எதார்த்தப் படத்தில், லட்சுமிக்கு அது இல்லை. எதார்த்தம் என்ற பெயர் வந்துவிட்டால் நாம் இந்தக் கேள்வியைக் கேட்பதையே நிறுத்திவிடுகிறோம்.

கைதியைப் பற்றியும் கொஞ்சம். 2019. ஒரே இரவு, பாட்டு இல்லை, கதாநாயகி இல்லை. இந்தத் தலைமுறை கொண்டாடுவதில் நியாயம் இருக்கிறது. எனக்கு அந்தப் படத்தின் உயிர் நாயகன் டில்லி இல்லை, கமிஷனர் ஆபீஸுக்குள் சில மாணவர்களோடு மாட்டிக்கொண்ட கான்ஸ்டபிள் நெப்போலியன்தான். ஜார்ஜ் மரியான் பயப்படுகிறார், பயந்துகொண்டே கதவை அடைக்கிறார். அந்தப் பயம் நமக்கும் ஒட்டிக்கொள்கிறது. கடைசியில் பெரிய துப்பாக்கி வெளியே வந்ததும் அத்தனை பயமும் ஒரே நிமிடத்தில் காலாவதி ஆகிவிடுகிறது. தியேட்டரில் விசில் பறந்தது, எனக்குக் கஷ்டமாக இருந்தது. எளிய மனிதர்கள் எப்படித் தாக்குப்பிடிக்கிறார்கள் என்று காட்டுவதாகச் சொன்ன படம், ஒரு ஆயுதத்தை வைத்துக் கணக்கை முடித்துக்கொண்டது.

இப்போது வரும் விமர்சனங்களில் எனக்கு இருக்கும் மனத்தாங்கல் இதுதான். முதல் பாதி ஓகே, இரண்டாம் பாதி லேக், ஐந்துக்கு இரண்டரை. ஒரு காட்சியையாவது எடுத்து அது ஏன் வேலை செய்யவில்லை என்று சொல்வதில்லை. பழைய படம் என்றால் அதுவும் கிடையாது, நேரே பொற்காலம்தான். திட்டுகிறவரும் படத்தைப் பார்க்கவில்லை, கும்பிடுகிறவரும் பார்க்கவில்லை. டி.ஆர்.எஸ். கட்டியது கோயில் இல்லை, தொழிற்கூடம். புராணம், சரித்திரம், மாயாஜாலம், துப்பறியும் கதை என்று நூற்றுக்கும் மேல் படங்கள் அங்கே உருவாகியிருக்கின்றன. அத்தனையும் நன்றாக இருந்திருக்க முடியாது. எது நன்றாக வந்தது, எது கெட்டுப்போனது என்று பேச முதல் உரிமை சேலத்துக்காரர்களுக்குத்தான் இருக்கிறது.

அடுத்து நாங்கள் பார்க்கப்போவது திகம்பர சாமியார். அதுவும் 1950தான், வடுவூர் துரைசாமி ஐயங்கார் நாவல், பின்னாளில் வில்லனாகவே நிலைத்த நம்பியார் நாயகனாகப் பல வேடங்களில். பெரியப்பா கட்டாயம் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார், அக்கா மகனை இழுத்துவர வேண்டும். படத்தைப் பார்த்தவர்கள் எந்த வேடம் எடுபட்டது, எது எடுபடவில்லை என்று கீழே எழுதுங்கள். அமுதவல்லி சாகத்தான் வேண்டும் என்று நினைக்கிறவர்களும் வரலாம், பேசுவோம்.