காய்ச்சலைப் பத்திப் பேசுனா ஊர் பேர் கெட்டுருமா?

நம்ம திருப்பூர்க் கூட்டம் ஒண்ணுல ஒருத்தர் பேசுன வீடியோவை இந்நேரம் எல்லாரும் பார்த்திருப்பீங்க. 2025-ல திருப்பூருக்கு வந்த ஒரே கஷ்டம் நம்ம சரக்குக்கு அமெரிக்கா போட்ட இறக்குமதி வரிதானாம். குப்பை, காய்ச்சல்னு பேசுறவங்க ஊர் பேரைக் கெடுக்குறாங்களாம். அதுக்குக் கைதட்டல் வேற. மனசே ஆறலைங்க.

வரி சின்ன விஷயம்னு நான் சொல்லலை. வருஷத்துக்குச் சுமார் 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி பண்ற ஊர்ல, மூணுல ஒரு பங்கு சரக்கு அமெரிக்காவுக்குத்தான் போயிட்டிருந்துச்சு. 2025 ஆகஸ்ட் 27-ல வரி 50 சதவீதம் ஆனதும் எங்க பவர்டேபிளுக்கு, அதாவது தையல் யூனிட்டுக்கு, வந்துட்டிருந்த ஜாப் ஒர்க் (பெரிய கம்பெனிங்க கூலிக்குக் கொடுக்குற வேலை) பாதியாக் குறைஞ்சுபோச்சு. சனிக்கிழமைச் சம்பளத்தை எண்ணிப் பார்த்துட்டு ஒண்ணும் பேசாமப் போனவங்களை நான் பார்த்தேன். பஞ்சுக்கு இருந்த 11 சதவீத இறக்குமதி வரியை மத்திய அரசு 2025 கடைசி வரைக்கும் எடுத்துவிட்டாங்க, நல்லதுதான். பீஸ் ரேட்டுக்கு, அதாவது உருப்படிக்கு இவ்வளவுன்னு கூலி வாங்கித் தைக்கிறவங்க கைக்கு அதுல என்ன வந்துச்சு?

காய்ச்சலும் பொருளாதாரம்தானுங்க. இதை எத்தனை தடவை சொல்றது?

எங்க செக்கிங்ல, தைச்ச துணியைச் சரிபார்க்குற வேலையில இருக்குற அக்காவுக்கு டெங்கு. ஆர்டர் இல்லாம ஏற்கெனவே பாதிச் சம்பளம், காய்ச்சல்ல அதுவும் போச்சு. காதுல கிடந்த தோடு அடகுக்கடைக்குப் போச்சு. அவங்க வீட்டு வாசல்ல நீல ட்ரம் வரிசையா நிக்கும். தண்ணி என்னைக்கு வரும்னு தெரியாத வீதியில பிடிச்சு வைக்காம என்ன பண்றது? அந்தக் கொசு நல்ல தண்ணியிலதான் முட்டை போடுது. மருந்து ஊத்த வர்ற ஆளுங்க ட்ரம்மைக் கவுத்துட்டுப் போறாங்க. அடுத்த தண்ணி எப்போன்னு அவங்களுக்கும் தெரியாது, பாவம்.

"தொழிலாளர் காப்பீட்டு (ஈஎஸ்ஐ) ஆஸ்பத்திரி வந்துச்சே, மெடிக்கல் காலேஜ் வந்துச்சே"ம்பீங்க. வந்துச்சு. மெடிக்கல் காலேஜ் 2022-ல, 100 படுக்கை ஈஎஸ்ஐ 2024-ல. சந்தோஷம். அந்த அக்காகிட்ட ஈஎஸ்ஐ அட்டை இல்லை. பீஸ் ரேட் ஆளுங்களை எந்தக் கணக்குல சேர்த்தாங்க?

"துணி வாங்குற வெளிநாட்டு பையர் பார்த்தா ஆர்டர் போயிரும்"னு இன்னொரு கூட்டம். பையரோட ஆளுங்க ஆடிட்னு கம்பெனியைச் சோதிக்க வர்ற அன்னைக்கு மட்டும் கக்கூஸ்ல சோப்பு வைக்கிற கம்பெனியில நான் வேலை பார்த்திருக்கேன். பையருக்குத் தெரியாத ஊரா இது?

2011-ல ஐகோர்ட் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னப்பவும் இதே பேச்சுதான். சாயத்தண்ணி கலந்த நொய்யல் ஆத்துக்காகப் பேசுனவங்களை ஊர்த் துரோகின்னாங்க. அந்த ஆத்துல இருக்குற ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணியை விவசாயத்துக்கு ஆகாமப் பண்ணுனது பேசுனவங்களா? இன்னைக்கு சாயத்தண்ணியைச் சுத்திகரிச்சுத் திரும்பப் பயன்படுத்துறோம்னு அதே பையர்கிட்டப் பெருமையாக் காட்டுறோம். அந்தப் பெருமை திட்டு வாங்குன விவசாயிங்க சம்பாதிச்சுக் கொடுத்தது. பக்கத்துல இருக்குற முதலிபாளையத்துக்காரங்க எங்க பாறைக்குழியில (கல்லு வெட்டியெடுத்த பள்ளத்துல) மாநகராட்சிக் குப்பை கொட்டாதீங்கன்னு ரோட்டுல உக்காந்தா மட்டும் அது சதியா? அவங்களும் இந்த ஊர்க்காரங்க இல்லையா?

நான் எந்தக் கட்சின்னு கேக்குறவங்களுக்குப் பதில் சொல்ல மாட்டேன்.

எங்கப்பாவும் அம்மாவும் பொழைப்புக்கு இந்த ஊருக்கு பஸ் ஏறி வந்தவங்க. ரெண்டு பேரும் பஞ்சுத் தூசியை மூச்சுல இழுத்துத்தான் எங்களைப் படிக்க வெச்சாங்க. என்னைப் பார்த்து ஊர் பேரைக் கெடுக்குறேன்னு சொல்ல யாருக்கும் உரிமை இல்லைங்க.

வரியைக் குறைக்கச் சொல்லி டெல்லிக்கு மனு கொடுங்க, நானும் கையெழுத்துப் போடறேன். பீஸ் ரேட் ஆளுங்களுக்கு ஈஎஸ்ஐ அட்டை வேணும்னு அதே மனுவுல ஒரு லைன் சேருங்க. கையோட மாநகராட்சிக்கும் ஒரு மனு எழுதி, எந்த வீதிக்கு எந்தக் கிழமை தண்ணின்னு கேளுங்க.