மகளுக்கு வாங்கிய பெப்பர் ஸ்ப்ரே

ஓரகடத்தில் வேலை பார்க்கும் என் மகளைக் கம்பெனி வேன் இரவு 11.30 மணிக்கு மெயின் ரோட்டில் இறக்கிவிடுகிறது. அங்கிருந்து வீட்டுக்கு 8 நிமிட நடை. தெருவிளக்குகளில் பாதிதான் எரியும். போன மாதம் ஒருவன் பைக்கில் இரண்டு முறை அவளைச் சுற்றி வந்திருக்கிறான். மறுநாளே பெப்பர் ஸ்ப்ரே வாங்கினேன்.

அதோடு விட்டிருப்பேன். "ஒரு தடவை அடித்துப் பார்க்கட்டும் அக்கா" என்றான் தம்பி. மொட்டை மாடிக்குப் போனோம். ஸ்ப்ரேயின் பாதுகாப்புப் பூட்டைத் திருப்பவே அவள் தடுமாறினாள். எதிர்காற்றைக் கவனிக்காமல் அழுத்திவிட்டாள். மூவரும் இருமித் தீர்த்தோம். கண்ணைக் கழுவிக் கழுவிப் பார்த்தும் எரிச்சல் உடனே அடங்கவில்லை. பெயர்தான் மிளகு, உள்ளே இருப்பது மிளகாயின் காரமான காப்சைசின். அது எண்ணெயில் கரையும், வெறும் தண்ணீரில் எளிதில் போகாது.

புகைபோல் பரவும் அந்த வகையை ஒதுக்கிவிட்டு, நேராகப் பீய்ச்சும் வகைக்கு மாறினோம். மூடிய இடத்தில் எதையும் அடிக்கக் கூடாது என்றும் சொல்லி வைத்திருக்கிறேன். 2014 பிப்ரவரி 13 அன்று, தெலங்கானா மசோதாவின்போது மக்களவைக்குள் ஓர் உறுப்பினர் பெப்பர் ஸ்ப்ரே அடித்ததில், மற்ற உறுப்பினர்கள் சிலர் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது. அவ்வளவு பெரிய அவைக்கே அந்தக் கதி என்றால் பஸ்ஸில் என்ன ஆகும்? பஸ்ஸுக்கு, ஊசியைப் பிடுங்கினால் அலறும் சிறிய சைரன் போதும். அங்கே திரும்பிப் பார்க்க ஆட்கள் இருக்கிறார்கள்.

உறவினர் ஒருவர் கையில் பிடிக்கும் ஷாக் கருவியைச் சொன்னார். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. தாக்க வருபவன் உடம்பில் வைத்து அழுத்தினால்தான் அது வேலை செய்யும். 45 கிலோ எடையுள்ள என் பெண், அவனை அவ்வளவு கிட்டத்தில் வரவே விடக் கூடாது.

சட்டத்தையும் படித்தேன். நாட்டின் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்புரிமையைத் தருகின்றன. தேவைக்கு மேல் தாக்கக் கூடாது என்கின்றன. 2024-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் பெப்பர் ஸ்ப்ரேயை ஆபத்தான ஆயுதம் என்றே சொல்லி, ஒரு வழக்கை ரத்து செய்ய மறுத்தது. வாய்த்தகராறுக்கெல்லாம் அதை எடுக்கக் கூடாது. ஆனால் இருட்டில் ஒருவன் கையைப் பிடித்து இழுத்தால் என் மகள் யோசித்துக்கொண்டு நிற்க வேண்டாம். அடிக்கட்டும், ஓடட்டும், ஓடியபடியே 112-ஐ அழைக்கட்டும்.

இப்போது வேனிலிருந்து இறங்கும்போதே ஸ்ப்ரே அவள் உள்ளங்கையில் இருக்கிறது, பூட்டைத் திறந்தபடி. கைப்பையின் அடியில், சாவிக்கும் சீப்புக்கும் கீழே கிடந்தால் அதை வாங்கியதே வீண். ஞாயிறுதோறும் மாடியில் காலி டப்பாவை வைத்துப் பழகுகிறாள்.

தெருவிளக்குக்காக இரண்டு மனு கொடுத்தாயிற்று, பதில் இல்லை. மூன்றாவதை எழுதி வைத்திருக்கிறேன். எங்கள் தெருக்காரர்கள் இதைப் படித்தால், சனிக்கிழமை மாலை வந்து கையெழுத்துப் போடுங்கள்.