முதல் மெசோடின்ட் சரி, படத்துல இருக்கிற அந்தம்மா யாருங்க?

அச்சுப்படங்களோட வரலாறு எதை எடுத்தாலும் 1642க்கு வந்ததும் இந்தப் படம் வந்துடும். "உலகத்தோட முதல் மெசோடின்ட் (செப்புத் தகட்டுல புள்ளி புள்ளியா குத்தி நிழல் காட்டுற அச்சு முறை), செஞ்சவர் லுட்விக் ஃபொன் சீகன்"னு போட்டுட்டு அடுத்த ஆளுக்குப் போயிடுவாங்க. படத்துல இருக்கிறது அமேலியா எலிசபெத், ஜெர்மனில ஹெஸ்ஸ-காஸலை ஆண்டவங்க. அவங்க கதைக்கு ஒரு வரி கூட கிடையாது, எனக்கு செம கடுப்பு.

டெக்னிக் பெரிய விஷயம்தான், யாரு இல்லேன்னா? அதுவரைக்கும் செப்புத் தகட்டுல பெரும்பாலும் கோடு கோடா கீறித்தான் நிழல் காட்டுவாங்க, கன்னத்துச் சதைக்கும் கோடுதான். இந்த மனுஷன் பல்லு வெச்ச குட்டி சக்கரத்தை தகட்டு மேல உருட்டி உருட்டி புள்ளியா குத்தினாரு, குழில மை தங்கும், குழி நெருங்க நெருங்க கறுப்பு ஏறும். ஜூம் பண்ணி முகத்தை மட்டும் பாருங்க, நிழலெல்லாம் கரித்தூளை ஊதிவிட்ட மாதிரி இருக்கும். இதை எப்படி செஞ்சேன்னு எந்தக் கலைஞனாலயும் கண்டுபிடிக்க முடியாதுன்னு ஆம்ஸ்டர்டாம்லேர்ந்து லெட்டர்ல பெருமை வேற. லெட்டர் யாருக்குன்னு நினைக்கிறீங்க? அமேலியாவோட பையன் ஆறாம் வில்ஹெல்முக்கு, 13 வயசு. ஆள்றது அம்மா, சமர்ப்பணம் பையனுக்கு!

அந்தம்மா லேசுப்பட்ட ஆளில்ல. ஜெர்மனியையே சூறையாடின முப்பதாண்டுப் போர் (1618-48) நடுவுல, 1637ல, ஊரை விட்டு ஓடிப்போன இடத்துல புருஷன் செத்துட்டாரு, பையனுக்கு 8 வயசு, நாட்டுல பாதி எதிரி கைல, மிச்சம் இருந்த ஒரே சொத்து படைதான். எதிர்த்தரப்பான புனித ரோமப் பேரரசர் கிட்டேர்ந்து நெருக்கடி மேல நெருக்கடி, இவங்க பேசலாம் பேசலாம்னு இழுத்தடிச்சுக்கிட்டே 1639ல பிரான்ஸோட ஒப்பந்தம் போட்டுட்டாங்க, படையைக் கடைசி வரை கலைக்கவே இல்ல. அதனாலதான் 1648ல போரை முடிச்ச வெஸ்ட்ஃபாலியா ஒப்பந்தத்துல ஹெர்ஸ்ஃபெல்ட் மடத்து நிலம், ஷாம்பர்க்ல ஒரு பங்கு, கூடவே 6,00,000 தாலர் (அந்தக் கால ஜெர்மன் வெள்ளிக் காசு) பணம். இவங்க சார்ந்த புராட்டஸ்டன்ட் பிரிவான கால்வின் வழிக்காரங்களுக்கு சட்டப்படி இடம் கிடைச்சதுலயும் இவங்க பிடிவாதம் இருக்கு. 1650ல பையன் கைல நாட்டைக் குடுத்துட்டு அடுத்த வருஷம் போய் சேர்ந்துட்டாங்க.

இத்தனைக்கும் சீகனுக்கே பேரு சும்மா கிடைக்கல, இங்கிலாந்து ராஜா முதலாம் சார்லஸோட அக்கா பையன் ரூபர்ட் இளவரசர்தான் கண்டுபிடிச்சாருன்னு இங்கிலாந்துல ரொம்ப காலம் சொல்லிக்கிட்டு இருந்தாங்க. அந்தக் கணக்கைத் தேடிப் புடிச்சு சரி பண்ணத் தெரிஞ்சவங்களுக்கு படத்தோட லேபிள்ல இந்தம்மாவுக்கு ரெண்டு வரி சேர்க்க என்ன கேடு? சக்கரத்தைப் பத்தி ஒரு வரியைக் குறைச்சுக்கோங்களேன், குடியா முழுகிடும்?