அது கல்பாசி இல்லை, மாஸ் (moss)

காட்பாடிப் பக்கத்து மொட்டைப் பாறையில் எடுத்த படத்தைப் போட்டு, “இதுதான் பிரியாணியில் போடும் கல்பாசி, சுரண்டிக் கழுவிப் பயன்படுத்தலாம்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

பெயரில் பாசி இருந்தாலும் கல்பாசி பாசியே இல்லை. அது லைக்கன், பூஞ்சையும் ஆல்காவும் சேர்ந்து வாழ்வது. மளிகைக் கடையில் வாங்கியதை எடுத்துப் பாருங்கள்: காகிதம் போல மெல்லிய மடல், மேலே சாம்பல், அடியில் கறுப்பு. தண்டும் இல்லை, இலையும் இல்லை.

படத்தில் இருப்பது மாஸ், தண்டும் இலையும் உள்ள குட்டிச் செடி. அந்த வெள்ளி மினுமினுப்பை வைத்து, பிரையம் அர்ஜென்டியம் என்ற மாஸ் வகை என்பேன். அண்டார்டிகா வரை எல்லாக் கண்டங்களிலும் இருக்கிறது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் குட்டி இலைகள் ஓடு வேய்ந்தது போலத் தண்டோடு ஒட்டி, ஒவ்வொரு தண்டும் திரி மாதிரித் தெரியும். இலையின் மேல்பாதியில் பச்சையம் இல்லாததால்தான் அந்த வெள்ளை. “வேலூர் வெயிலில் செத்த பாசி” என்று இன்னொருவர் சொன்னதும் தவறு, அது உயிரோடுதான் இருக்கிறது. அதைச் சுரண்டினால் அதற்கடியில் சேர்ந்திருக்கும் கொஞ்சம் மண்ணும் அடுத்த மழையில் போய்விடும்.

அப்புறம், அதே பாறையில் பக்கத்தில் கறுத்துச் சுருண்டு கிடப்பதன் மேல் நாலு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உள்பக்கம் சுருண்ட இலைகள் விரிந்து, பச்சை நட்சத்திரம் போல ஆனால் அது பெரும்பாலும் ஹையோஃபிலா என்ற இன்னொரு மாஸ். வித்துப்பை இருந்தால் இன்னும் சுலபம்: ஹையோஃபிலாவில் நிமிர்ந்து நிற்கும், பிரையத்தில் தலைகீழாகத் தொங்கும்.