ஆடி மாதத்தில் கேக்கு வாசம்

(தூத்துக்குடி. ஜூலை 31. பனிமய மாதா கோயிலில் கொடியேறி ஆறாம் நாள், சாயங்காலம். கப்பலில் போசனாக (மேல்தள மாலுமிகளுக்கு மேஸ்திரி) இருந்து ஓய்வுபெற்ற லூர்து, மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். வீட்டம்மா நவநாளுக்குப் போயிருக்கிறார். அதாவது, கையில் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. திருவிழாவுக்கு வந்த மச்சினன் மரியதாஸ் படியேறி வருகிறான். ஆறுமுகநேரி உப்பளத்தில் இராக்காவல். வாயில் வெற்றிலை, கையில் அக்காவுக்கு உடன்குடிக் கருப்பட்டி.)

மரியதாஸ்: என்னத்தான், பூட் பாலிஷ் டப்பாவுக்கு இம்புட்டு மரியாதை? துணியில சுத்தி, அதுக்கு மேல பாலித்தீன் கட்டி...

லூர்து: பையப் பேசு. பாலிஷ் இல்ல, போயில. பைப்புல போட்டுக் குடிக்கது. ராட்டர்டாம்ல வாங்குனது. ஏழு வருசமா ஒங்கக்கா கண்ணுல படாம வச்சிருக்கேன்.

மரியதாஸ்: ஏழு வருசமா? கெட்டுப் போயிருக்குமே.

லூர்து: வெர்ஜீனியா போயில கெடாது மாப்ள. மூடியத் தெறக்காம வச்சா வருசம் ஆக ஆகத்தான் ருசி. ஊறுகா மாதிரி.

மரியதாஸ்: ஏழு வருசம் அக்கா கையில படாத எடம் இந்த வீட்ல எங்கன இருக்கு?

லூர்து: என் யூனிபார்ம் பெட்டி. ரிட்டயர் ஆன அன்னைக்குப் பூட்டுனது. அதுக்குப் பெறவு அந்தப் பெட்டியையும் ஒருத்தரும் கண்டுக்கல்ல, என்னையும் ஒருத்தரும் கண்டுக்கல்ல.

மரியதாஸ்: சரி, ஏழு வருசம் வச்சதை இன்னைக்கு எதுக்குத் தெறக்கிய?

லூர்து: இன்னைக்கு என்ன தேதி?

மரியதாஸ்: முப்பத்தொண்ணு. சம்பளம் தீந்து, அடுத்த சம்பளம் வராத தேதி.

லூர்து: 1970ல இதே ஜூலை 31ஆம் தேதிதான் இங்கிலீஷ்காரன் அவன் நேவியில ரம் ஊத்துததை நிப்பாட்டுனான். முந்நூறு வருசப் பழக்கம். தெனம் கப்பல்ல வரிசையில நின்னு வாங்குவானுவ. நிப்பாட்டுன அன்னைக்கு மாலுமிய கையில கறுப்புப் பட்டை கட்டிக்கிட்டானுவ. சவப்பெட்டி செஞ்சு ரம்முக்கு அடக்கமே பண்ணியிருக்கானுவ.

மரியதாஸ்: பாவம். ஆளுக்கு எம்புட்டு ஊத்துவானாம்?

லூர்து: கடைசிக் காலத்துல 71 மில்லி.

மரியதாஸ்: கட்டிங்கே 90 மில்லி அத்தான்! மீதி 19 மில்லி எவன் அடிச்சான்?

லூர்து: அந்த 71லயும் தண்ணி கலந்துதான் முக்காவாசிப் பேருக்குக் கெடைக்கும். 1740ல வெர்னன்னு ஒரு அட்மிரல், பயலுவ ஒருத்தனும் நிதானத்துல இல்லன்னு சொல்லி, ஒரு பங்கு ரம்முக்கு நாலு பங்கு தண்ணின்னு உத்தரவு போட்டுட்டாரு. அவரு போட்டுருந்த கோட்டுத் துணிக்குக் கிராக்ரம்னு பேரு. அதை வச்சு அந்தத் தண்ணி ரம்முக்குக் கிராக்குன்னே பேரு விழுந்துட்டு.

மரியதாஸ்: அட்மிரல் தண்ணி கலந்தா சரித்திரம். எங்க ஊரு பாருல கலந்தா மட்டும் நாற்காலி பறக்கு.

லூர்து: நான் குடிக்க மாட்டேன், ஒனக்கே தெரியும். அதனால வருசம் தவறாம இந்தத் தேதிக்கு ரம் போட்ட போயில ஒரு பைப்பு. போன வருசத்தோட பழைய டப்பா தீந்துட்டு.

மரியதாஸ்: (கண் விரிய) ரம்மா? இதுக்குள்ளயா?

('ரம் போட்ட போயில' என்றதிலிருந்து மரியதாஸுக்குச் சரித்திரம் காதில் விழவில்லை. லூர்து ஐந்து ரூபாய்க் காசை மூடி இடுக்கில் வைத்து நெம்புகிறார். டப்பா 'உஸ்' என்று பெருமூச்சு விட்டுத் திறக்கிறது.)

லூர்து: மோந்து பாரு.

மரியதாஸ்: ஆத்தாடி! கிறிஸ்மஸ் கேக்குல்லா இது! பழமெல்லாம் ஊறப் போட்ட அண்டா வாசம். (எட்டிப் பார்த்து) ஆனா பாக்கச் சீலாக் கருவாடு மாதிரி கெடக்கே.

லூர்து: பிளேக்கும்பாவ. எலைய அடுக்கி, பாரம் வச்சு அமுக்கிக் கட்டியாக்கி, கத்தி வச்சுச் சீவுனது. பழைய கப்பக்காரன் எலையில ரம்மத் தெளிச்சு, பாய்த்துணியில சுருட்டி, கயிறு போட்டு இறுக்கி வச்சிருப்பான். வேணும்ங்கப்பம் ஓரத்துல சீவிக்கிடுவான். நேவி கட்டுன்னு பேரு வந்தது அப்படித்தான். எனக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்தது எங்க கப்பல் சீஃப் இன்ஜினியரு, டென்மார்க்காரரு. எஞ்சின் ரிப்பேரானாக்கூட பைப்பத் தட்டிட்டுத்தான் எறங்குவாரு.

மரியதாஸ்: அதெல்லாம் இருக்கட்டும். எத்தனை பைப்பு குடிச்சா ஒரு கட்டிங்குக்குச் சமம்?

லூர்து: ஏல, கேக்கு தின்னா ஒனக்கு ஏறுமா?

மரியதாஸ்: போன கிறிஸ்மஸுக்கு ஏறுச்சே.

லூர்து: அது நீ கேக்குக்கு முன்ன வெளிய போயிட்டு வந்தது. இதுல ரம்மு வாசத்துக்கு மட்டுந்தான். சாராயமெல்லாம் எப்பமோ ஆவியாப் போயிட்டு.

(மரியதாஸ் முகம் வாடுகிறது. லூர்து இரண்டு பட்டையை எடுத்து உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து உதிர்த்து, நியூஸ் பேப்பரில் பரப்புகிறார். நாலு மூலைக்கும் நாலு செருப்பு.)

மரியதாஸ்: எதுக்கத்தான் காயப் போடுதிய? போயில விரிச்சா போச்சுன்னுல்லா பெரியவுக சொல்லிருக்காவ.

லூர்து: அது ஒங்க வெத்தலைப் போயிலைக்கு. இது டப்பாவுலருந்து வரும்போது ஈரம். அப்படியே பத்த வச்சா தண்ணி கொதிக்க மாதிரி கொடகொடன்னு சத்தம் போடும், வாயச் சுடும். அரை மணி நேரம் ஆறணும். அதுவரைக்கும் ஒரு கதை சொல்லுதேன். இந்த மஞ்ச வெர்ஜீனியா எப்படி வந்தது தெரியுமா? 1839, அமெரிக்காவுல நார்த் கரோலினா. ஸ்லேடுன்னு ஒரு பண்ணைக்காரன். அவன்கிட்ட அடிமையா இருந்தவரு ஸ்டீபன். ராத்திரி போயில உலத்துத கொட்டாயில நெருப்பப் பாத்துக்கிடணும். தூங்கிட்டாரு.

மரியதாஸ்: (நிமிர்ந்து) அப்பம் அவரும் நம்மாளா?

லூர்து: முழிச்சுப் பாத்தா நெருப்பு அணையப் போவுது. பயந்துபோயி, கொல்லுப் பட்டறை அடுப்புக்கரிய அள்ளிப் போட்டுட்டாரு. சட்டுன்னு சூடு ஏறி, எலையெல்லாம் பளபளன்னு தங்கம் மாதிரி மஞ்சளாப் போச்சு. சந்தையில நல்ல வெலை. அதுலருந்துதான் புகை படாம சூட்டுல மட்டும் உலத்தப் படிச்சாவன்னு சொல்லுவாவ. இன்னைக்குக் குண்டூர்ல வெளையுதது வரைக்கும் அந்த வழிதான்.

மரியதாஸ்: ஸ்டீபனுக்கு என்ன குடுத்தானுவ?

லூர்து: என்னத்தக் குடுப்பான்? துட்டு மொதலாளிக்கு.

மரியதாஸ்: நான் உப்பளத்துல தூங்குனப்போ மெமோ குடுத்தானுவ. அவரு தூங்கி ஒலகத்துக்கே ஒரு சரக்கு வந்துருக்கு. அடுத்த வாட்டி மேனேஜர் கேட்டா இந்தக் கதையத்தான் சொல்லப் போறேன். (உற்சாகத்தில் குனிந்து) அத்தான், இதுல என் செருப்பு எது?

லூர்து: எடுக்காத! எடுக்காதல!

(ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். பேப்பரின் ஒரு மூலை எழும்புகிறது. அரை உள்ளங்கை வெர்ஜீனியா கைப்பிடிச் சுவரைத் தாண்டி, பக்கத்து வீட்டு டீச்சர் காயப் போட்டு அள்ள மறந்த மிளகாய் வற்றலில் போய் இறங்குகிறது.)

மரியதாஸ்: சொன்னேன்லா. போயில விரிச்சா போச்சு.

லூர்து: ஏழு வருசம்ல! ஏழு வருசம் வச்சது! டீச்சர் வீட்டு மீன்கொழம்புல வெர்ஜீனியா கெடக்கப் போவுது.

மரியதாஸ்: மிச்சம் இருக்குல்லா, விடுங்க. (பைப்பைக் கையில் எடுத்து) எங்க தாத்தா இதைச் சுங்கான்ம்பாரு. என்ன மரம் இது? தீ பிடிக்காதா?

லூர்து: பிரையரு. மத்தியதரைக் கடல் பக்கம் ஒரு செடியோட வேர்க்கட்டை. லேசுல எரியாது. இங்க கொண்டா. மூணு தடவையா அடைக்கணும். மொதல்ல சின்னப்பிள்ளை கை மாதிரி லேசா. அடுத்தது பொம்பளை கை. கடைசியில ஆம்பளை கை, கொஞ்சம் அழுத்தி.

மரியதாஸ்: எங்க வீட்ல பொம்பளை கைதான் கனம். கடைசியில எத வைக்க?

லூர்து: உன் கையப் பொத்திக்கிட்டு இரி. வெத்தலையத் துப்பிட்டு வா.

(தீக்குச்சி. அணைகிறது. தீக்குச்சி. அணைகிறது. மரியதாஸ் வேட்டியை விரித்துக் காற்றை மறைக்கிறான். கீழே தெருவில் போகிறவர்கள் நிமிர்ந்து பார்க்காதது அவர்கள் புண்ணியம்.)

லூர்து: ஆ, பிடிச்சிட்டு. மொத நெருப்பு பொய் நெருப்பு. பாத்தியா, எலை பொங்கி மேல வருது. இத அமுக்கிட்டு, மறுபடி வைக்கதுதான் நெச நெருப்பு.

மரியதாஸ்: இதுவரைக்கும் ஒம்பது குச்சி. கோயில்பட்டித் தீப்பெட்டிக்காரனுக்குத்தான் லாபம். கொண்டாங்க, நான் ஒரு இழுப்பு...

லூர்து: பைய! பீடி மாதிரி இழுக்கக் கூடாது. நெஞ்சுக்குள்ள...

(மரியதாஸ் ஏற்கெனவே நெஞ்சுக்குள் இழுத்துவிட்டான். முகம் சிவந்து, கண்ணில் நீர் கோத்து, தொட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.)

மரியதாஸ்: அத்தான்... சுத்துது... (முகம் மலர்ந்து) ஏறிட்டு அத்தான்! ரம்மு ஏறிட்டு!

லூர்து: ரம்மு இல்லல, நிக்கோட்டினு! உக்காரு. அந்தக் கருப்பட்டிய ஒரு கடி கடி. இனிப்பு போனாச் சரியாயிரும்.

மரியதாஸ்: (கடித்தபடி) நாக்கு வேற எரியுது. நண்டு கவ்வுன மாதிரி.

லூர்து: வெர்ஜீனியாவுல சீனிச் சத்து கூட. வேகமா இழுத்தா புகை சூடாகி நாக்கக் கடிச்சிரும். சுடு காப்பிய எப்படிக் குடிப்ப? அப்படி, உறிஞ்சியும் உறிஞ்சாமலும். புகைய வாயில வச்சுட்டு, கொஞ்சூண்டு மூக்கு வழியா விடு. உள்ள எறக்காத. எறக்காட்டாலும் கேடுதான். டாக்டரு எனக்கு வாயத் தெறக்கச் சொல்லி டார்ச் அடிச்சுப் பாத்துட்டு, இதுவும் வேண்டாம்னுட்டாரு. அதான் மத்த மாசமெல்லாம் நிப்பாட்டியாச்சு.

(மரியதாஸ் வாயில் கருப்பட்டி கரைய, மெல்ல ஒரு வாய் எடுக்கிறான். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அவனைப் பொறுத்தவரை இது அதிசயம்.)

லூர்து: என்ன?

மரியதாஸ்: மொதல்ல வைக்கோல் படப்பு வாசம். வெயில் பட்ட வைக்கோல். பெறவு ரொட்டி சுடுத பேக்கரிப் பக்கம் போன மாதிரி. அப்பறம் மூக்கு வழியா விட்டேன் பாருங்க... அத்தான், எங்கூரு விடிலி தெரியும்லா? பதனி காய்ச்சுத குடிசை. பாகு பொங்கி விளிம்புல லேசாத் தீயுமே, அந்த வாசம்.

லூர்து: அதுதான் ரம்மு.

மரியதாஸ்: ரம்மு இல்ல, கருப்பட்டிப் பாணி. எங்க பெரியாத்தா வெத்தலைப் போயிலைக்குப் பாணி தடவித்தான் வைப்பா. மண்சட்டியில போட்டு மூடி, பரண்ல. அவளும் யார் கண்ணுலயும் காட்ட மாட்டா.

லூர்து: ராட்டர்டாம் சரக்கையும் ஒங்க பெரியாத்தா சட்டியையும் ஒண்ணாச் சேக்காத.

மரியதாஸ்: ரம்மு எதுல எடுக்காவ?

லூர்து: கரும்புப் பாகுல... (நிறுத்திக்கொள்கிறார்)

மரியதாஸ்: ஆங். அவன் கரும்புப் பாணி, எங்க பெரியாத்தா பனம்பாணி. அவளுக்கு டப்பா கெடைக்கல்ல, அம்புட்டுத்தான்.

(லூர்து பதில் சொல்லாமல் பைப்பை வாங்கி ஒரு வாய் எடுக்கிறார். பிறகு கருப்பட்டியிலும் ஒரு துண்டு உடைத்துக்கொள்கிறார்.)

லூர்து: ம். நல்லாத்தான் சேருது. இதை டென்மார்க்காரர்கிட்ட சொல்லணும்.

(பக்கத்து மாடியில் வற்றல் அள்ள வந்த டீச்சரின் குரல்: "போசன் அண்ணே! இப்பமே கேக்குக்குப் பழம் ஊறப் போட்டாச்சா? எங்க வீடு முழுக்க வாசம்!")

மரியதாஸ்: அய்யய்யோ. அம்புட்டு தூரமா போவுது?

லூர்து: குடிக்கவன் மூக்குக்குத்தான் பாதி தெரியாது. மத்தவனுக்கெல்லாம் தெரியும். (உரக்க) ஆமா டீச்சர்! திருவிழாவுக்கு ஒரு சின்ன கேக்கு!

மரியதாஸ்: என்னத்தான் இப்படிச் சொல்லிட்டிய?

லூர்து: வேற என்னத்தச் சொல்ல?

(தெருவில் கேட் சத்தம். சுவரோரம் நின்று டீச்சர் யாரிடமோ பேசுகிறார். பிறகு கீழேயிருந்து ஒரு கேள்வி: "எந்தக் கேக்கு? யாரு செஞ்சா?")

லூர்து: நவநாள் அதுக்குள்ள முடிஞ்சிட்டா! மாப்ள, வண்டிய எடுத்துக்கிட்டு பின்வாசல் வழியாப் போ. பேக்கரியில ரம் கேக்கு ஒண்ணு வாங்கிட்டு வா.

மரியதாஸ்: ஆடி மாசத்துல எவன் ரம் கேக்கு போடுவான்? மக்ரூன்தான் இருக்கும்.

லூர்து: மக்ரூனையாவது வாங்கிட்டு வா!

மரியதாஸ்: மக்ரூன்ல ஏது ரம்மு வாசம்? அக்கா என் வாயத்தான் மோந்து பாப்பா. குடிக்காமலே குடிச்ச பேரு எனக்கு. இதுக்கு அந்த 71 மில்லியக் குடுத்துருந்தாலாவது...

லூர்து: பைப்ப எங்க கொண்டு போற? குடுத்துட்டுப் போல!

மரியதாஸ்: இருங்கத்தான், அடியில இன்னும் கெடக்கு. ரம்மு பாதியிலயே போயிரும்போல, இப்பந்தான் உங்க வெர்ஜீனியா வருது.