கனெக்டட் எண்டா என்னத்தோட கனெக்டட்?

கிளவுட் செலவைக் குறைக்கிற டூல் ஒண்டுட திரையில பச்சைப் புள்ளி விழுந்திட்டு. "கனெக்டட்" எண்டு கொட்டை எழுத்தில காட்டுது. அதுக்குக் கீழ சிபியு 0, மெமரி 0. பக்கத்திலயே, இந்த டெப்ளோய்மென்டுக்கு இவ்வளவு ஒதுக்கீடு தேவையில்லை, குறைக்கவா எண்டு ஒரு பட்டன். பொட் எல்லாம், அதாவது ஆப் ஓடுற பெட்டிகள் எல்லாம் ஓடுது, ஆக்கள் பாவிச்சுக்கொண்டிருக்கிறாங்க, எப்பிடி 0 வரும்? அளந்து 0 வாறது வேற, அளக்கவே ஏலாமப் போறது வேற. இந்த வித்தியாசம் விளங்காத ஒரு டூலைத்தான் செலவைக் குறைக்க எண்டு நம்மட குபர்நெட்டிஸ் கிளஸ்டருக்குள்ள (ஆப்புகளைப் பங்குபோட்டு ஓட்டுற சேர்வர் கூட்டத்துக்குள்ள) விடச் சொல்றாங்க.

டூல்ட ஏஜென்டை, அதாவது கிளஸ்டருக்குள்ள இருந்து அளக்கிற ஆளை, நட்ட ஹெல்ம் எண்ட இன்ஸ்டாலர்ல ஒரு வரிக் கட்டளை, 2 நிமிஷ வேலையாம். மட்டக்களப்பிலயோ கல்முனையிலயோ சின்ன டீம் ஒண்டு வச்சிருக்கிற கிளஸ்டர் என்ன பெரிசா இருக்கும்? 4 ஜிபி நோட் (சேர்வர்) மூண்டு. அதில 4 ஜிபியும் பொட்டுக்குக் கிடைக்காது, ஓஎஸ்ஸுக்கும், நோட்ல பொட்டுகளைப் பாத்துக்கொள்ற கியூப்லெட்டுக்கும் ஒதுக்கினது போக மிச்சம்தான். ஏஜென்டோ எடுத்த எடுப்பில ஒரு ஜிபி ரிக்வெஸ்ட் (முன்கூட்டியே ஒதுக்கி வைக்கச் சொல்ற அளவு) கேக்குது. எந்தப் பொட்டை எந்த நோட்ல வைக்கிற எண்டு தீர்மானிக்கிற ஸ்கெட்யூலர் பாக்கிறது ரிக்வெஸ்ட்டுகள்ட கூட்டுத்தொகையை மட்டும்தான். எந்த நோட்லயும் அவ்வளவு மிச்சம் இல்லையெண்டா பொட் பென்டிங்லயே கிடக்கும். சரியெண்டு ரிக்வெஸ்ட், லிமிட் (உச்ச வரம்பு) ரெண்டையும் தூக்கிட்டுப் போட்டா அது பெஸ்ட் எஃபோர்ட், அதாவது ஒரு உத்தரவாதமும் இல்லாத பொட் ஆகிடும். நோட்ல மெமரி நெருக்கடி வந்தா முதல்ல வெளிய தள்ளுறது அதைத்தான். அப்ப, எந்த நேரத்தை அளக்க வேணுமோ அந்த நேரத்திலதான் அளக்கிற ஆள் இருக்க மாட்டார். தயவுசெய்து அப்பிடிச் செய்யாதீங்க. கொஞ்சமாவது ரிக்வெஸ்ட் குடுங்க.

இனி அந்த 0க்கு வருவம். ஏஜென்ட் ரன்னிங். வெளிய 443ஆல போய்த் தன்ட தலைமைக்கு "உசிரோட இருக்கிறன்" எண்டு சொல்லிட்டு. பச்சைப் புள்ளிக்கு அர்த்தம் அவ்வளவுதான்! கியூப்கண்ட்ரோல் டாப் நோட்ஸ் அடிச்சுப் பாத்தா மெட்ரிக்ஸ் ஏபிஐ கிடைக்கல்ல எண்டு வருது. பாவிப்பை அளந்து குடுக்கிற மெட்ரிக்ஸ் சேர்வர்ட லொக்கைத் திறந்தா எக்ஸ்509 எண்ட சேர்டிபிகேட் பிழை. சேர்டிபிகேட்ல ஐபி முகவரி இல்லையாம். மெட்ரிக்ஸ் சேர்வர் ஒவ்வொரு நோட்டுட கியூப்லெட்டையும் 10250 போர்ட்ல ஐபியாலதான் கூப்பிடும். கியூப்அட்மின் எண்ட டூலால நட்டின கிளஸ்டர்ல கியூப்லெட் தானே கையெழுத்து வச்ச சேர்டிபிகேட்டை நீட்டும். மெட்ரிக்ஸ் சேர்வர் அதை நம்பமாட்டார். யாரைக் கேட்டாலும் சேர்டிபிகேட்டைச் சரிபாக்காம விடுற கியூப்லெட் இன்செக்கியூர் டிஎல்எஸ் எண்ட ஃப்ளாக்கை மெட்ரிக்ஸ் சேர்வர்ல போடு, சரியாகிடும் எண்டுதான் பதில். அது பூட்டைத் திருத்திற வேலையில்லை, கதவையே கழட்டி வைக்கிற வேலை. ஒழுங்கான வழி இருக்கு: கியூப்லெட் கன்ஃபிக்ல சேர்வர் டிஎல்எஸ் பூட்ஸ்ட்ராப்பை ட்ரூ ஆக்கி, கியூப்லெட்டை ரீஸ்டார்ட் பண்ணி, வாற சிஎஸ்ஆருகளை (சேர்டிபிகேட் கேக்கிற விண்ணப்பங்களை) கையால அப்ரூவ் பண்ண வேணும். தானா அப்ரூவ் ஆகாது. மூண்டு நோட் எண்டா மூண்டு தரம். இது எல்லாம் அந்த 2 நிமிஷத்துக்குள்ளயாம்.

கடைசியா இலக்கம் வருது. வந்தும் என்ன? மெட்ரிக்ஸ் சேர்வர் 15 செக்கனுக்கு ஒருக்கா எடுக்கும், கடைசியா எடுத்ததைத்தான் வச்சிருக்கும், பழசு ஒண்டும் இருக்காது. பழசு வேணுமெண்டா, அளந்ததைச் சேமிச்சு வைக்கிற புரோமிதியஸ். அதையும் சும்மா விட்டா 15 நாளோட அழிச்சுப்போடும். சம்மாந்துறைப் பக்கத்து நெல் ஆலை ஒண்டுட கொள்முதல் ஆப்பை எடுங்க. வேளாண்மை வெட்டு இல்லாத மாசத்தில தராசுப் பக்கம் ஈ ஆடாது. அந்த 15 நாளைப் பாத்திட்டு மெமரி லிமிட் 256 எம்பி போதும் எண்டு வெட்டிப்போட்டா, பெரும்போகத்து நெல் மெசினால வெட்டி லோட் லோடா வந்து நிக்கக்க என்ன நடக்கும்? லிமிட்டைத் தாண்டின உடனே கேர்னல் கொல்லும். ஓஓஎம் கில்ட், 137, அதாவது மெமரி கூடிக் கொல்லப்பட்டதுட குறி. திரும்பி எழும்பும், திரும்பச் சாகும். லொறி வரிசையில நிக்கிற விவசாயிக்கு ரிசீட் வராது. பொட்டுக்கு வேலை இல்லாத நாளில அளந்ததை வச்சு வேலை உள்ள நாளைத் தீர்மானிக்கிறது அநியாயம். புரோமிதியஸ்ட ரிட்டென்ஷனைக் கூட்டி ஒரு போகத்தையாவது முழுசாப் பாக்காம ஒண்டையும் குறைக்காதீங்க.

இதை விடக் கொடுமை ஹெச்பிஏ, பாவிப்பைப் பாத்துப் பொட்டுட எண்ணிக்கையைக் கூட்டிக் குறைக்கிற ஆள். அது சதவீதம் கணக்கிடுறது ரிக்வெஸ்ட்டை வச்சு. ஆகக் குறைஞ்சது மூண்டு பொட் எண்டு வச்சு மூண்டு ஓடுது, ஒவ்வொண்டுக்கும் 1000 மில்லிகோர் (ஒரு முழு சிபியு கோர்) ரிக்வெஸ்ட், பாவிப்பு 300, இலக்கு 70 சதவீதம் எண்டு வைங்க. பாவிப்பு 30 சதவீதம்தான், அமைதியா இருக்கு. டூல் வந்து ரிக்வெஸ்ட்டை 350 ஆக்குது. அதே 300 இப்ப 86 சதவீதம். ஹெச்பிஏ நாலாவது பொட்டை எழுப்பும். வேலை பங்குபட்டு ஆளுக்கு 225 ஆகுது. டூல் அதைப் பாத்து 260 ஆக்கும், பொட் 5 ஆகும். பிறகு 180 எண்டு பாத்து 210 ஆக்கும், பொட் 7. ஆக்கள் ஒருத்தரும் கூடல்ல! ஒவ்வொரு பொட்டும் தன்ட மெமரியைத் தனித்தனியாத் தின்னும். குறைக்க வந்தது டொலர் பில்லைக் கூட்டிட்டுப் போகும். ஹெச்பிஏ சிபியுவைப் பாக்கிற இடத்தில டூலை சிபியு ரிக்வெஸ்ட்டில கை வைக்க விடவே கூடாது. இதைப் பெரிய எழுத்தில முதல் பக்கத்தில போட வேணும், ஒரு மூலையில ஒளிச்சு வச்சிருக்கிறாங்க.

வெறுத்துப்போய் ஹெல்ம் அன்இன்ஸ்டால் அடிச்சா அதோட முடியுமா? புதுப் பொட் வரக்க இடைமறிச்சு மாத்திறதுக்கு ஏஜென்ட் தானே உண்டாக்கின மியூட்டேட்டிங் வெப்ஹூக் ஹெல்முக்குத் தெரியாது, அப்பிடியே கிடக்கும். ஃபெயிலியர் பொலிசி ஃபெயில் (பதில் வராட்டி மறு) எண்டிருந்தா, கேக்கிற இடத்தில ஆளில்லாம கிளஸ்டர்ல ஒரு புதுப் பொட்டும் எழும்பாது. ஓடுறது ஓடும், செத்தது திரும்பி வராது. அந்த வெப்ஹூக் கன்ஃபிகரேஷனைத் தேடிப் பிடிச்சுக் கையால அழிக்க வேணும். அதால, நட்டக்க ஏஜென்டுக்கு முதல்ல கெட், லிஸ்ட், வாட்ச் எண்ட பாக்கிற அனுமதி மட்டும் குடுங்க, மாத்த விடுற பேட்ச் எண்ட சொல்லே ரோல்ல வரக்கூடாது.

அதோட இன்னொண்டு. அந்த இன்ஸ்டால் பக்கத்தில கட்டளையை எழுதினவர் ஃப்ளாக்குக்கு முன்னால வாற ரெண்டு சின்னக் கோட்டையும் ஒரு நீளக் கோடா மாத்தி விட்டிருக்கிறார். கொப்பி பண்ணிப் போட்டா ஹெல்ம் அதை ஃப்ளாக் எண்டே எடுக்காது. கண்ணுக்கு ரெண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும். நடுச்சாமத்தில அந்தக் கோட்டை எத்தினை பேர் உத்து உத்துப் பாத்திருப்பாங்க!