யானை வேலியில் வீட்டுக் கரண்ட் ஓடவில்லை

"சங்கக்காரர் யானை வேலிக்கு வீட்டு லைன் கரண்ட் கொடுத்திருக்கிறார்கள், தொட்டால் சாவுதான், புல் வெட்டப் போகாதீர்கள்" என்று ஒரு குரல்பதிவு மட்டக்களப்பு படுவான்கரைப் பக்கம் வட்சப்பில் சுற்றுகிறது. இது பொய்.

எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கம் பராமரிக்கும் வேலி சோலாரிலும் பற்றரியிலும் ஓடுகிறது. பெட்டிக்குள் இருக்கும் கருவி செக்கனுக்கு ஒரு தடவை அளவில் மின்துடிப்பை அனுப்பும். வோல்ட் ஆயிரக்கணக்கில்தான். ஆனால் ஒவ்வொரு துடிப்பும் கண்ணிமைக்கும் நேரம்கூட நீடிக்காது. யானைக்குச் சுளீரென்று வலிக்கும், திரும்பிப் போய்விடும். அதற்காக யாரும் தொட்டுப் பார்க்க வேண்டாம், பிள்ளைகளையும் விடாதீர்கள். வீட்டு மின்சாரம் அப்படியில்லை, 230 வோல்ட் விடாமல் ஓடும், ஆளைக் கொல்லும். அதை வேலிக் கம்பியில் கொடுப்பது சட்டவிரோதம். எங்காவது கண்டால் உடனே அறிவியுங்கள்.

சந்தேகமென்றால் பகலில் வந்து பெட்டியைப் பாருங்கள். மின்சார சபையின் வயர் ஒன்றும் அதற்குள் போகவில்லை. வனஜீவராசிகள் திணைக்களத்தை 1992 இல் கேட்கலாம், கிராம உத்தியோகத்தரிடமும் கேட்கலாம்.

அந்தக் குரல்பதிவால், வேலியோரம் புல் வெட்டும் போன சிரமதானத்துக்குப் பலர் வரவில்லை. கொடி படர்ந்து கம்பியைத் தொட்டால் மின்சாரம் மண்ணுக்குள் இறங்கிவிடும், வேலி வெறும் கம்பிதான். அப்புறம் மேட்டுநிலத்தில் கச்சானும் சோளனும் போட்டவர்கள் இரவிரவாகப் பரணில் விழித்திருக்க வேண்டும். மனசு கேட்கவில்லை.

தயவுசெய்து அந்தக் குரல்பதிவை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியிருந்தால் அதே குழுவில் இதையும் போட்டுவிடுங்கள்.